பித்தப்பைக் கல்லுக்காக முதன்முறை சர்ஜனைப் பார்க்கச் செல்வோருக்கு

வயிற்று ஸ்கேன் அறிக்கையில் ‘பித்தப்பையில் கற்கள்’ என்ற வரி வந்துவிட்டால், குடும்ப மருத்துவர் அநேகமாக ஒரு சர்ஜனின் பெயரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். அன்று மாலையே வீட்டில் ஆபரேஷன் பேச்சு தொடங்கிவிடும். யார் விடுப்பு எடுப்பது, எந்த மருத்துவமனை, எவ்வளவு செலவாகும் என்று பேச்சு வளர்ந்து, சர்ஜனைப் பார்ப்பதே தேதி குறித்துக்கொண்டு வரத்தான் என்றாகிவிடும். முதல் சந்திப்பு அதற்கானதன்று. இந்த வலிக்கு இந்தக் கல்தான் காரணமா, அறுவை தேவையா, தேவையென்றால் எப்போது, இந்த உடம்பு அதைத் தாங்குமா என்பவற்றை முடிவு செய்வதற்கான சந்திப்பு அது. அந்த முடிவுக்கு வேண்டிய விவரங்களில் பெரும்பகுதி ஸ்கேன் படத்தில் இல்லை, நோயாளியிடம் இருக்கிறது. சர்ஜனின் அறையில் பத்து நிமிடம் கிடைப்பதே பல இடங்களில் அரிது என்பதால், அந்த விவரங்களை வீட்டிலேயே ஒழுங்குபடுத்திக்கொண்டு செல்வதுதான் தயாரிப்பு என்பதன் பொருள்.

வலியை எழுதி வைத்தல்

நம் ஊரில் மேல்வயிற்றில் எது வந்தாலும் ‘கேஸ்’ என்று சொல்லிவிடுகிறோம். நெஞ்செரிச்சலும் கேஸ், வயிற்று உப்புசமும் கேஸ், பித்தப்பை வலியும் கேஸ், சில வேளை மாரடைப்பும் கேஸ். சர்ஜனிடம் சென்று “ரொம்ப நாளா கேஸ் பிராப்ளம், டாக்டர்” என்று தொடங்கினால் அவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. பித்தப்பைக் கல்லால் வரும் வலிக்கு ஓரளவு தனி அடையாளம் உண்டு. நெஞ்சுக்குழிக்குக் கீழேயோ வலப்பக்க விலா எலும்பின் அடியிலோ எழுந்து, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் சில மணி நேரம் வரை விடாமல் பிடித்திருந்து, முதுகுக்கோ வலது தோள்பட்டைக்கோ ஏறி, பிறகு தானாக அடங்கிவிடும். பலருக்கு எண்ணெய்ப் பண்டமோ இறைச்சியோ சாப்பிட்ட சில மணி நேரம் கழித்து, குறிப்பாக இரவில் வரும். ஏப்பம், உப்புசம், சாப்பிட்டதும் வயிறு நிறைந்த உணர்வு ஆகியவை மட்டும் இருந்தால், பித்தப்பையை எடுத்த பிறகும் அவை அப்படியே தொடர வாய்ப்புண்டு. அறுவைக்குப் பின் “எடுத்தும் சரியாகவில்லையே” என்று வருந்துவோர் பலருடைய கதை இதுதான்.

ஆகவே ஒரு தாளில், நினைவில் நிற்கும் கடைசி இரண்டு மூன்று வலிகளை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும் முறை இப்படி இருக்கலாம்: ‘ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டேன். நள்ளிரவுக்கு மேல் நெஞ்சுக்குழிக்குக் கீழே இறுக்கிப் பிடித்தாற்போல வலி எழுந்தது. வலது தோள்பட்டைக்குப் பின்னால் ஏறியது. புரண்டு படுத்தும் குறையவில்லை. ஒருமுறை வாந்தி. விடியற்காலையில் அடங்கியது. காய்ச்சல் இல்லை.’ இந்த ஏழு வரிகள், அரை மணி நேரம் பேசினாலும் வெளிவராத செய்தியைச் சர்ஜனுக்குச் சொல்லிவிடும். இதனுடன் எப்போதாவது கண் மஞ்சளாகியதா, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனதா, மலம் வெளிறியதா, குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் வந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்திருந்தாலும், கல் பித்தப்பையோடு நிற்காமல், பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் குழாயான பித்தநாளத்துக்குள் இறங்கியிருக்கலாம் என்று சர்ஜன் எண்ணுவார், சிகிச்சையின் வரிசையே மாறிவிடும்.

வலியே இல்லாமல், வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்திருந்தால் அதையும் மறைக்காமல் முதலிலேயே சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட அமைதியான கற்கள் உள்ளவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் முதல் நான்கு பேருக்குத்தான் தொந்தரவு தொடங்குகிறது. அதனால் பொதுவாக அவற்றை அறுவை செய்யாமல் விட்டுவைப்பதே வழக்கம். மிகப் பெரிய கல், பித்தப்பையில் 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பாலிப் எனும் சதை வளர்ச்சி, சுவரில் சுண்ணாம்பு படிதல், சில வகை இரத்த நோய்கள் போன்ற விதிவிலக்குகள் உண்டு. நீங்கள் அந்த விதிவிலக்கில் வருகிறீர்களா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

மாத்திரைப் பட்டியல்

தயாரிப்பிலேயே மிக முக்கியமானதும், மிக அலட்சியமாகச் செய்யப்படுவதும் இதுதான். “பிபிக்கு ஒரு மாத்திரை, சுகருக்கு ரெண்டு, சின்னதா வெள்ளையா இருக்கும்” என்பது பட்டியலாகாது. மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துச் செல்வது நல்லது. அட்டையை வெட்டி விற்கும் கடைகளில் பெயர் உள்ள பகுதி போய்விடுவதால், மருந்துச் சீட்டும் கூடவே வேண்டும். பெயர், மில்லிகிராம் அளவு, எந்த வேளை, எத்தனை ஆண்டுகளாக என்று தனித்தாளிலும் எழுதிக்கொண்டால் சர்ஜனுக்கும் பிறகு மயக்க மருத்துவருக்கும் இரண்டு முறை பயன்படும்.

சில மருந்துகளைச் சிவப்பு மையால் அடிக்கோடிடலாம். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின், அபிக்சபான் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள் அவற்றில் முதன்மையானவை. அறுவை என்றதும் பக்கத்து வீட்டார் சொன்னார் என்று இவற்றைத் தாமாகவே நிறுத்திவிட்டு வருவோர் உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பவர் அப்படி நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். எதை, எத்தனை நாள் முன்பு நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதைச் சர்ஜனும் இதய மருத்துவரும் கலந்து முடிவு செய்ய வேண்டும். முதல் சந்திப்புக்கு முன் எதையும் நிறுத்தாதீர்கள். சர்க்கரை நோய்க்கான டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை அறுவைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். உடல் எடைக்காகவோ சர்க்கரைக்காகவோ வாரம் ஒருமுறை செமாகுளுடைடு ஊசி போடுபவர்களுக்கு இரைப்பை மெதுவாகக் காலியாவதால், மயக்கம் கொடுக்கும்போது அது சிக்கலாகலாம். ஸ்டீராய்டு மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், தைராய்டு மாத்திரை ஆகியவையும் பட்டியலில் வர வேண்டும்.

சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணங்களையும் சொல்ல மக்கள் தயங்குகிறார்கள். மருத்துவர் கடிந்துகொள்வார் என்ற அச்சம் நியாயமானதுதான், சிலர் கடிந்துகொள்ளவும் செய்கிறார்கள். ஆனாலும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கல்லீரல் பரிசோதனையில் காணும் மாற்றத்துக்குக் கல் காரணமா மருந்து காரணமா என்று பிரித்தறிய வேறு வழியில்லை. பித்தப்பைக் கல்லையும் சிறுநீரகக் கல்லையும் ஒன்றெனக் கருதி வாழைத்தண்டுச் சாறு குடித்துவருவோர் பலர். வாழைத்தண்டு உடம்புக்குத் தீங்கு செய்யாது, ஆனால் சிறுநீர் ஓடும் வழிக்கும் பித்தப்பைக்கும் தொடர்பே இல்லை.

மது, புகை, பான், குட்கா பழக்கங்களை உண்மையாகச் சொல்லுங்கள். மனைவியின் முன்போ பெற்றோரின் முன்போ சொல்ல முடியாதென்றால், “தனியாக இரண்டு நிமிடம் பேச வேண்டும்” என்று கேட்பதில் தவறேயில்லை. தினமும் குடிப்பவர் அதை மறைத்து அறுவைக்குச் சென்றால், மூன்றாம் நாள் நடுக்கமும் குழப்பமும் வந்த பிறகுதான் மருத்துவர்களுக்குக் காரணம் தெரியவரும்.

காகிதங்களும் படங்களும்

ஸ்கேன் அறிக்கை மட்டும் போதாது, படமும் வேண்டும். எம்.ஆர்.சி.பி. (பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) அல்லது சி.டி. எடுத்திருந்தால் ஃபிலிமையும் குறுந்தகட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அனுபவமுள்ள சர்ஜன்கள் அறிக்கையைவிடப் படத்தையே நம்புவார்கள். அல்ட்ராசவுண்டு அறிக்கையில் அவர் தேடுபவை சில: கல் ஒன்றா பலவா, பித்தப்பைச் சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கிறதா, பொதுப் பித்தநாளம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா, கணையம் எப்படி இருக்கிறது. நீங்களும் அந்த வரிகளை ஒருமுறை படித்துவிட்டுச் சென்றால், அவர் பேசும்போது பின்தொடர்வது எளிது. எல்.எஃப்.டி. எனப்படும் கல்லீரல் பரிசோதனை முடிவு, சர்க்கரை நோயாளியானால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி., இதய நோயுள்ளவரானால் கடைசியாக எடுத்த இ.சி.ஜி. மற்றும் எக்கோ ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் தேதி வரிசைப்படி, புதியது மேலே இருக்குமாறு ஒரே கோப்பில் வையுங்கள். கைப்பேசியில் எடுத்த புகைப்படங்கள் நகலாக மட்டும் இருக்கட்டும். அவற்றைப் பெரிதாக்கிச் சிறிதாக்கிக் காட்டுவதிலேயே நேரம் போய்விடும்.

முன்பு எந்த அறுவை நடந்திருந்தாலும் அதன் டிஸ்சார்ஜ் சுருக்கம் வேண்டும். சிசேரியன், குடும்பக் கட்டுப்பாடு ஆகியவற்றைப் பெண்கள் பலரும் அறுவையாகவே கணக்கில் கொள்வதில்லை, “ஆபரேஷன் எதுவும் பண்ணலை” என்று சொல்லிவிடுகிறார்கள். வயிற்றில் பழைய தழும்பு இருந்தால் உள்ளே குடல் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், சிறு துளைகள் வழியே செய்யும் அறுவையில் முதல் துளையை எங்கே இடுவது என்பதைக்கூட அது தீர்மானிக்கும். அப்போது கொடுத்த மயக்க மருந்தால் மூச்சுத் திணறலோ, கடும் வாந்தியோ, நினைவு திரும்பத் தாமதமோ ஏற்பட்டதா என்பதையும், இரத்த உறவில் யாருக்காவது மயக்கத்தின்போது ஆபத்து நேர்ந்ததா என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு செல்லுங்கள். ஒவ்வாமை உள்ள மருந்தின் பெயரைக் கோப்பின் அட்டையிலேயே பெரிதாக எழுதிவிடலாம். பழைய ஆவணங்கள் கையில் இல்லையென்றால், அறுவை நடந்த மருத்துவமனையில் எழுத்துமூலம் கேட்கலாம். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, கேட்டு 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும், அவற்றை மூன்று ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும்.

செல்லும் நாள்

பித்தப்பையைத் தெளிவாகக் காண ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும். சர்ஜன் ஸ்கேனைத் திரும்ப எடுக்கச் சொல்லக்கூடும் என்பதால், காலை நேரத்தில் முன்பதிவு செய்துகொண்டு சாப்பிடாமல் செல்வது இன்னொரு நாள் அலைச்சலைத் தவிர்க்கும். ஆனால் சர்க்கரை நோயாளிகள் மாத்திரையையோ இன்சுலினையோ போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வரிசையில் உட்காரக் கூடாது. மருந்தையும் டிபன் பெட்டியையும் கையோடு எடுத்துச் சென்று, ஸ்கேன் உண்டா இல்லையா என்று தெரிந்த பிறகு சாப்பிட்டுக்கொள்ளலாம்.

அரசு மருத்துவமனைக்குச் செல்வோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய மருத்துவமனைகளில் பொது அறுவைப் பிரிவு பல யூனிட்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு யூனிட்டுக்கும் புறநோயாளிகளைப் பார்க்கக் குறிப்பிட்ட கிழமைகள் இருக்கும். முதல் நாள் எந்த யூனிட் பார்த்ததோ அதே யூனிட்டின் கிழமையில்தான் மறுமுறையும் செல்ல வேண்டும், இல்லையென்றால் கதையை முதலிலிருந்து சொல்ல நேரிடும். ஓ.பி. சீட்டில் யூனிட் எண் இருக்கிறதா என்று பார்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்ப்பார் என்பதால், எளிதில் தளர்த்தக்கூடிய உடை நல்லது. பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது, செவிலியரோ உடன் வந்த பெண்ணோ அருகில் இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

துணைக்கு ஒருவர் போதும். மூன்று பேர் உள்ளே சென்றால் மூவரும் பேசுவார்கள், நோயாளி பேச மாட்டார். அண்ணனோ மாப்பிள்ளையோ முந்திக்கொண்டு “இவங்களுக்கு நாலு வருஷமா வயிறு சரியில்லை சார்” என்று தொடங்கிவிடுவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. வலியை அனுபவித்தவர் சொல்லட்டும், உடன் வந்தவர் மருத்துவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளட்டும்.

கேட்க வேண்டியவை

“கல்லை மட்டும் எடுத்துவிட முடியாதா?” என்பது ஏறக்குறைய எல்லோரும் கேட்கும் கேள்வி. முடியாது, ஏனென்றால் கல்லை உருவாக்கிய பை அங்கேயே இருந்தால் கல் மீண்டும் உருவாகும். அதனால்தான் பித்தப்பையையே அகற்றுகிறார்கள். பித்தம் கல்லீரலில் சுரந்துகொண்டேயிருக்கும் என்பதால் செரிமானம் பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை, சிலருக்குச் சில காலம் வயிற்றுப்போக்கு இருக்கலாம். உர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரை சிறிய கொலஸ்டிரால் கற்களுக்கு மட்டும், அதுவும் பல மாதங்கள் சாப்பிட்டால் ஓரளவு பயன்படும், நிறுத்தினால் கல் திரும்ப வருவதும் சகஜம். இவ்வளவையும் தெரிந்துகொண்டு சென்றால், உங்கள் உடம்பைப் பற்றிய கேள்விகளுக்கு நேரம் மிஞ்சும்.

முதலில் கேட்க வேண்டியது, “நான் சொன்ன வலிக்கு இந்தக் கல்தான் காரணம் என்று நினைக்கிறீர்களா?” என்பது. அடுத்து, “இப்போது செய்யாமல் ஆறு மாதம் பொறுத்தால் என்ன நேரலாம்?” இந்த இரண்டாவது கேள்விக்கு மருத்துவர் தரும் விடையில்தான் அவசரம் நோயுடையதா மருத்துவமனையுடையதா என்பது புலப்படும். பித்தப்பை அழற்சியோடு வந்திருந்தால் தள்ளிப்போடாமல் அதே சேர்க்கையிலேயே, இயன்றால் முதல் சில நாட்களுக்குள் அறுவை செய்வதே இப்போது விரும்பப்படுகிறது. வெறுமனே அவ்வப்போது வலி வந்துபோகிறதென்றால் பொதுவாகச் சில வாரங்கள் திட்டமிட இடமிருக்கும்.

பித்தநாளத்தில் கல் இல்லை என்று உறுதியாகத் தெரியுமா, ஐயமிருந்தால் எம்.ஆர்.சி.பி. வேண்டுமா, அங்கே கல் இருந்தால் வாய்வழியாகக் குழாய் செலுத்தி எடுக்கும் இ.ஆர்.சி.பி.யை முன்பே செய்வீர்களா என்று கேளுங்கள். சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்திச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் தொடங்கித் திறந்த அறுவைக்கு மாறும் நிலை எப்போது வரும் என்பதையும் கேட்க வேண்டும். ஜெர்மனியில் எரிக் மூஹே 1985இல் முதன்முதலாக லேப்ராஸ்கோப்பி வழியே பித்தப்பையை எடுத்தார். இன்று அதுவே வழக்கமான முறையாகிவிட்டாலும், உள்ளே உறுப்புகள் தெளிவாகத் தெரியாதபோது வயிற்றைத் திறப்பது தோல்வியன்று, பாதுகாப்பான முடிவு. அந்தத் தெளிவின்மையில் தொடர்ந்து வெட்டுவதாலேயே பித்தநாளக் காயம் நேர்கிறது. ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு நேர்வதாகக் கணிக்கப்படும் இந்தக் காயம் அரிதானதுதான், ஆனால் நேர்ந்தால் மீண்டும் பெரிய அறுவை தேவைப்படலாம். இதைப் பற்றிக் கேட்டால் எரிச்சல்படாமல் விளக்குபவரிடம் உடம்பை ஒப்படைக்கலாம் என்பது என் கருத்து.

அறுவையைச் செய்யப்போவது அவரேயா, ஆண்டுக்கு ஏறத்தாழ எத்தனை செய்கிறார், மயக்க மருத்துவரை எப்போது பார்க்க வேண்டும், எடுத்த பித்தப்பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்களா, அந்த அறிக்கை எப்போது கிடைக்கும் என்பவையும் நேரடியாகக் கேட்கத் தக்கவையே. வீடு திரும்புவதும் வேலைக்குச் செல்வதும் ஆளுக்கு ஆள் மாறும். சிக்கலற்ற லேப்ராஸ்கோப்பியில் பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்பி, ஒன்றிரண்டு வாரங்களில் மேசை வேலைக்குச் செல்கிறார்கள். மூட்டை தூக்குபவர், நாற்று நடுபவர், இரு சக்கர வாகனத்தில் நாள் முழுதும் அலைபவர் தம் வேலை இன்னதென்று சொல்லித்தான் விடுப்பைக் கணக்கிட வேண்டும்.

எந்தத் தாளிலும் அன்றே கையெழுத்திட வேண்டியதில்லை. ஒரு பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவைக்குக் கொடுத்த சம்மதமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் ஒரு வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. இன்னொரு சர்ஜனின் கருத்தைக் கேட்க விரும்பினால் அதையும் மறைக்க வேண்டியதில்லை.

பணமும் காப்பீடும்

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா என்பதோடு நின்றுவிடாமல், இந்த அறுவை அங்கே திட்டத்தின் கீழ் செய்யப்படுகிறதா என்றும் அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்க வேண்டும். அட்டையில் குடும்ப உறுப்பினராக நோயாளியின் பெயர் இருக்கிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

தனியார் பாலிசியானால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பித்தப்பைக் கல், குடலிறக்கம், கண்புரை போன்றவற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் இரண்டு ஆண்டு காத்திருப்புக் காலம் உண்டு. பாலிசி எடுத்த தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அறை வாடகை வரம்பு அடுத்தது. மூன்று லட்சம் ரூபாய் பாலிசியில் நாள் வாடகை வரம்பு ஒரு விழுக்காடு, அதாவது 3,000 ரூபாய் என்று இருக்க, 6,000 ரூபாய் அறையில் தங்கினால், வாடகையில் பாதியை மட்டுமல்லாமல் மருத்துவர் கட்டணம், தியேட்டர் கட்டணம் முதலியவற்றிலும் பாதியை நிறுவனம் வெட்டக்கூடும். சொகுசு அறைக்கு ஆசைப்படுவதன் விலை அங்கேதான் தெரியவரும். மதிப்பீட்டை எழுத்தில் கேட்டு, அதில் மயக்க மருத்துவர் கட்டணமும் திறந்த அறுவைக்கு மாறினால் ஆகும் கூடுதல் செலவும் அடங்கியுள்ளனவா என்று பாருங்கள்.

வலி எப்போது தொடங்கியது என்று நீங்கள் சொல்வது மருத்துவரின் குறிப்பில் ஏறும், காப்பீட்டு நிறுவனம் அந்தக் குறிப்பைத்தான் படிக்கும். பொய் சொல்லக் கூடாது, ஆனால் வாய்தவறி “பல வருஷமா” என்று சொல்லிவிடவும் கூடாது. முதல் வலி வந்த மாதம் எதுவோ அதைச் சரியாகச் சொல்லுங்கள். மேலே சொன்ன வலிக் குறிப்பு இங்கேயும் கைகொடுக்கும்.

அறையை விட்டு எழும் முன்

மருத்துவர் சொன்னதை உங்கள் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள்: “அப்படியென்றால் முதலில் எம்.ஆர்.சி.பி., அது சரியாக இருந்தால் அடுத்த மாதம் அறுவை, குளோபிடோகிரெல் பற்றி இதய மருத்துவரிடம் கடிதம் வாங்கி வர வேண்டும், அப்படித்தானே?” தவறாகப் புரிந்திருந்தால் அந்த இடத்திலேயே திருத்தப்படும். எந்தப் பரிசோதனைகள், எந்த மாத்திரையில் என்ன மாற்றம், மறுபடி எப்போது வருவது என்பவற்றைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காத்திருக்கும் நாட்களில் பொரித்த உணவையும் கொழுப்பு மிகுந்ததையும் குறைத்துக்கொண்டால் வலி வருவது குறையலாம், ஆனால் பட்டினி கிடந்து திடீரென எடையைக் குறைத்தால் கல் இன்னும் கூடவே செய்யும்.

வலி ஆறு மணி நேரத்துக்கு மேல் விடாமல் நீடித்தாலோ, குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, மேல்வயிற்று வலி முதுகுக்குத் துளைத்துச் சென்று வாந்தி நிற்காமல் போனாலோ, குறித்த தேதி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பித்தநாளத் தொற்றும் கணைய அழற்சியும் அப்படித்தான் தொடங்கும். நெஞ்சழுத்தமும் வியர்வையும் சேர்ந்திருந்தால் கல்லின் மேல் பழி போடாமல் இதயத்தை முதலில் பார்க்க வேண்டும். 108ஐ அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள், அந்தக் கோப்பையும் எடுத்துக்கொண்டு.